நூலக்கா வைத்த வாசல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பெற்றவளும் சொல்வாள், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்வார்கள். முன்கோபமும் உண்டு. அதனால் நான் ஒருத்தரைப் புகழ ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு முதலில் சந்தேகம்தான் வரும். வரட்டும். நூலக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் படித்தது விடுதியோடு சேர்ந்த பார்வையற்றோர் பள்ளியில். எந்நேரமும் நூலும் கையுமாக இருந்ததால் எங்கள் வாயில் நூலக்கா ஆனவர் அங்கே வந்து சேர்ந்தது திரைச்சீலை தைக்க. பார்வையற்றோர் பள்ளிக்குத் திரைச்சீலை எதற்கு என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். மத்தியான வெயிலில் வாத்தியார்களுக்குக் கண் கூசுகிறதாம்.

அதற்கு முன்னால் அவர் ஒரு பட்டறையில் லாரிகளுக்கும் கார்களுக்கும் இருக்கை உறை தைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அக்காவின் கை எனக்கு முதலில் அறிமுகமானதே அந்த வேலையால்தான். ஊசி குத்திக் குத்தி ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப்போய், தேய்ந்த பொத்தான் மாதிரி இருக்கும். அவர் என் தலையைத் தடவினால் முடி அதில் மாட்டும். கூடவே பசை வாடையும் வரும். பசை வாடை பிறகு வந்தது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் பாடப் புத்தகங்களைப் புள்ளி எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். எழுத்தெல்லாம் சரியாக இருக்கும். படம் வரும் இடத்தில் மட்டும் 'படம் காண்க' என்று போட்டுவிட்டு, படத்தை விட்டுவிடுவார்கள். அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. ஒருநாள் பொறுக்க முடியாமல் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அது ஜன்னலோரம் ஸ்டூல் போட்டுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த நூலக்காவின் காலில் போய் விழுந்தது.

"யாருடி அது, புத்தகத்தை விட்டு அடிக்கிறது?"

"படம் காண்கன்னு போட்டிருக்கான்! எங்கேருந்து காண்றது? இவன் தாத்தா வந்து காட்டுவானா?"

அக்கா ஸ்டூலை விட்டு இறங்கி வந்தார். என்ன படம் என்று கேட்டார். சூரியனைச் சுற்றிக் கோள்கள் போகிற பாதை என்றேன். மறுநாள் ஒரு கனத்த அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நடுவில் ஒரு கோட்டுப் பொத்தான். அதைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக நூலைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒவ்வொரு நூலிலும் ஒரு பாசிமணி.

அன்றைக்கு எங்கள் வகுப்பே அந்த அட்டைக்கு அடித்துக்கொண்டது. ஒரு மணி பிய்ந்து யார் வாய்க்குள்ளோ போயிற்று. புதன் கிரகம் என்று பிறகு தெரிந்தது.

திரைச்சீலை வேலை முடிந்தும் அக்காவை அனுப்பவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் பழைய பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த நீள அறையைக் காலி செய்து அவருக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஒட்டு அறை என்று பெயர் வந்தது. பசை, கத்தரிக்கோல், நூல்கண்டு, சணல், கம்பி, உப்புத்தாள், கம்பளி, வீட்டுக்காரர் லாரியில் கொண்டுவந்து கொட்டும் ரப்பர் வளையங்கள், இவ்வளவுதான் அறையின் சொத்து. ஒவ்வொரு பாடத்து வாத்தியாரும் வரிசையாக வந்து நிற்பார். பூகோளம் சார் பூமியின் அடுக்குகள் வேண்டும் என்பார். அது வட்டத்துக்குள் வட்டம். விஞ்ஞான டீச்சர் அணு கேட்பார். அதுவும் வட்டத்துக்குள் வட்டம். அடுத்த வாரமே அறுத்த மரத்தின் வளையங்கள். சரித்திர வாத்தியாருக்கு மதிலுக்குள் மதில் வைத்த பழைய நகரம். குடிமையியல் டீச்சர் கேட்டது நடுவில் நீ, அடுத்து வீடு, அடுத்து உறவு, அப்புறம் தெரு, ஊர், உலகம். கணக்கு வாத்தியார் மட்டும் நேர்மையானவர், "சும்மா வட்டத்துக்குள்ள வட்டம் போடுங்கம்மா" என்றார்.

நூலக்கா அலுத்துக்கொள்வார். "இந்தப் படிச்சவங்களுக்கு வேற உருவமே தெரியாதா? மண்ணுக்குள்ள என்னன்னு கேட்டா வட்டம், வானத்துல என்னன்னு கேட்டா வட்டம், மனுஷனுக்கு யாரு வேணும்னு கேட்டா அதுக்கும் வட்டம். என் வீட்ல ஒரு டப்பாவுக்கு மூடி கிடையாது. எல்லாம் இங்க வட்டம் போட வந்துடுச்சு. வீட்டுக்காரர் சர்க்கரையில எறும்போட டீ குடிக்கிறார்."

ஆனால் முதல் சில படங்களில் ஒரு பெரிய தொந்தரவு இருந்தது. கண்ணுள்ளவர்கள் ஒரே பார்வையில் மொத்தத்தையும் பார்த்துவிடுவார்கள். விரலுக்கு அந்த வசதி இல்லை. ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு போனால் போய்க்கொண்டே இருக்கும், எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியாது. உள்ளே போகலாம் என்று நூலைத் தாண்டினால் எத்தனையாவது வளையத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். பூமியின் அடுக்கு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் கத்தினேன்.

"செக்குமாடு மாதிரி சுத்தறேன் அக்கா! நடுவுக்கு எப்படித்தான் போறது?"

அக்கா மேசைமேல் எதையோ துழாவினார். பிறகு கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வளையத்திலும் என் வயிற்றுக்கு நேரான பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

"இந்தா, உனக்கு ஒரு வாசல். இப்படியே நேரா உள்ள போ. வழியில ரெண்டு பக்கமும் என்னென்ன இருக்குன்னு எண்ணிக்கோ."

போனேன். மேலோட்டுக்கு ஒட்டியிருந்த உப்புத்தாள் இரண்டு பக்கமும் உரசியது, அப்புறம் கவசத்துக்கு வைத்திருந்த சணல், அப்புறம் வெளிக் கருவத்தின் கம்பளி, கடைசியில் நடுப் பொத்தான். பூமியின் நடுவில் என் விரல் போய் நின்றது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு இன்றைக்கும் ஈடு சொல்லத் தெரியவில்லை. பூகோளம் படித்தால் இதைத்தான் படிக்க வேண்டும் என்று முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒட்டு அறையிலிருந்து வந்த எல்லா வட்டத்துக்கும் கீழ்ப்பக்கம் ஒரு வாசல் இருந்தது. பூமிக்கு இருந்தது, மரத்துக்கு இருந்தது, அணுவுக்கு இருந்தது, சூரியக் குடும்பத்துக்கும் இருந்தது.

விஷயம் இங்கேதான். வாத்தியார்கள் எல்லாருக்கும் கண் தெரியும். அது விரல் போக விட்ட இடைவெளி என்று பார்த்த உடனே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கோ அட்டையில் இருப்பதுதான் உலகம். உப்புத்தாள் இருந்தால் மேலோடு உண்டு, சணல் இருந்தால் கவசம் உண்டு, இடைவெளி இருந்தால் வாசல் உண்டு. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. என் எதிரில் வெட்டியதைக்கூட, படத்தில் விட்டுப்போன வாசலை அக்கா திருத்தி வைத்ததாகத்தான் நான் நினைத்தேன். பரீட்சையில் 'பூமியின் அடுக்குகள் யாவை' என்றுதான் கேட்பார்கள். பெயர்களை எழுதினால் முழு மதிப்பெண். வாசலைப் பற்றி யார் கேட்டார்கள்?

நாங்களாகவே விளக்கம் வைத்துக்கொண்டோம். எரிமலைக் குழம்பு வெளியே வருவது அந்த வழியாகத்தான் என்றேன் நான். மரத்தின் வாசல் வண்டு போக என்றாள் பக்கத்துக் கட்டில் தோழி, அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர். எல்லாவற்றையும் சேர்த்து எனக்கென்று ஒரு பெரிய கொள்கையே உருவாகிவிட்டது. உலகத்தில் எது வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறதோ, அதற்குக் கீழ்ப்பக்கம், வரைபடக் கணக்கில் தெற்கே, ஒரு வழி உண்டு. இயற்கை அப்படித்தான் படைத்திருக்கிறது! இதை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பள்ளிப் படிப்பு முடிந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பூகோளத்துக்கு விண்ணப்பித்தேன். எங்கள் பள்ளியிலிருந்து அதுவரை யாரும் பூகோளம் கேட்டதில்லை. பாட்டு வாத்தியாராகப் போனவர்கள் உண்டு, மொழி வாத்தியார்களும் உண்டு. வரைபடம் நிறைந்த பாடத்துக்குப் பார்வையில்லாதவளை எப்படி எடுப்பது என்று கல்லூரிக்காரர்களுக்கே தயக்கம், அதனால் நேர்முகத்துக்கு வா என்றார்கள். அண்ணன் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான்.

"இந்தத் தடவை கிடைச்சா படி. கிடைக்கலேன்னா வீட்டுக்கு வந்துடு. மெழுகுவத்தி கம்பெனியில பேக்கிங் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். எத்தனை வருஷம் அடுத்தவங்க விடுதியில இருப்பே?"

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு என்ன தோன்றியதோ அதைச் சொன்னான். மெழுகுவத்தி எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்குவதற்காகவா நான் பூமியின் நடுவரைக்கும் போய்விட்டு வந்தேன்?

கல்லூரிக்கு என்னைக் கூட்டிப் போனது நூலக்கா. பூகோளம் சாருக்கு அன்றைக்குப் பரீட்சை வேலை. அக்கா தன் துணிப்பையில் பூமி அட்டையை எடுத்துக்கொண்டார். எதற்கு என்றேன். "இருக்கட்டும்டி. கேட்டா காட்டலாம்" என்றார். காத்திருக்கும் பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் செருமுவார். இன்னொருவர் ஓர் அம்மா, கை அசைத்தால் வளையல் ஒலிக்கும். மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

தொண்டைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "படமே பார்க்காம பூகோளத்தை எப்படிம்மா சொல்லித் தருவே?"

"ஒரே ஒரு படம் கையில இருந்தா போதும் சார், பாதிப் படிப்பைச் சொல்லிடலாம்" என்றேன். வாய்தான் நீளமாயிற்றே.

"அப்படி என்ன படம்?" என்றார் வளையல் அம்மா.

ஆரம்பித்தேன். பூமியின் அடுக்குகளைச் சொன்னேன். மரத்தின் வளையத்தில் மழை பெய்த வருஷமும் பெய்யாத வருஷமும் எப்படித் தெரியும் என்று சொன்னேன். அணுவைச் சொன்னேன், சூரியனைச் சொன்னேன். ஒரு நகரத்தின் நடுவில் கடைவீதி, அதைச் சுற்றிப் பழைய நெரிசலான வீடுகள், அதற்கு வெளியே வசதியான வீடுகள் என்று நகரங்களை ஆராய்கிறவர்கள் பிரித்து வைத்திருப்பதைச் சொன்னேன். மனிதரைச் சுற்றி உறவு வளையம் வளையமாக விரிவதையும் விடவில்லை. செருமல் நின்றுவிட்டது. வளையலும் அசையவில்லை. அவர்கள் அசந்துபோய்விட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

"ரொம்ப நல்லா சொல்றே" என்றார் அம்மா. "இவ்வளவு துறைக்கும் ஒரே படம் ஏன் பொருந்துது? எல்லாத்துக்கும் பொதுவா நீ என்ன பார்க்கிறே?"

இதற்காகத்தானே காத்துக்கொண்டிருந்தேன்! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாத்துக்கும் தெக்குப் பக்கம் ஒரு வாசல் இருக்கு அம்மா. வெளியிலேருந்து நடு வரைக்கும் நேரா ஒரு வழி. பூமிக்கும் அப்படித்தான், மரத்துக்கும் அப்படித்தான்."

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

"பூமிக்கு வாசலா?" என்றார் தொண்டைக்காரர்.

"ஆமா சார். நான் தொட்டுப் பார்த்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு இல்லை, அடக்கப் பார்த்தும் வந்துவிட்ட சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம். அம்மா மெதுவாக, "சரிம்மா, நீ போகலாம். அடுத்தவங்களை வரச் சொல்லு" என்றார். கதவு சாத்துவதற்குள் "பாவம், கற்பனை நிறைய" என்பது காதில் விழுந்தது.

பேருந்து ஏறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை என் கையில் வைத்தார். அது கையிலேயே பிசுபிசுத்துப் போயிற்று.

"அக்கா, பூமிக்கு வாசல் இருக்கா இல்லையா?"

"எந்த வாசல்?"

"கீழ்ப்பக்கம் இருக்கே. மரத்துக்கு, அணுவுக்கு, எல்லாத்துக்கும் இருக்கே, அது."

அக்கா மெல்லுவதை நிறுத்தினார். "அடியே... அது உன் விரல் போறதுக்காக நான் வெட்டினதுடி."

"நிஜப் பூமியில இல்லையா?"

"நிஜப் பூமியில எப்படிடி இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி தலைக்கு ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும்.

"அதை ஏன் நீ சொல்லல?"

"பார்த்தாலே தெரியுமேன்னு..." என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டார்.

"பார்த்தாலே தெரியுமா! யார்கிட்ட சொல்றே நீ? என்கிட்டயா சொல்றே?"

பேருந்தில் எல்லாப் பேச்சும் நின்றுபோயிற்று. நான் நிறுத்தவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாம் போச்சு, மெழுகுவத்திதான் இனி, உன்னால்தான், உன் கத்தரிக்கோலால்தான் என்றேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. வாழ்க்கையே கையை விட்டுப் போகும்போது மனுஷி கத்தாமல் பாட்டா பாடுவாள்?

அக்கா எழுந்தார். "வண்டியை நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வந்த வண்டியில் ஏறினார். நான் எங்கே என்று கேட்கவில்லை.

கல்லூரியில் அறை வாசலில் இருந்த ஊழியர் மறித்தார். "உள்ள வேற பொண்ணு இருக்கும்மா. நீங்க யாரு? இவங்க அம்மாவா?"

"இல்ல. படம் ஒட்டறவ" என்று சொல்லி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன்.

"ஐயா, அம்மா, மன்னிச்சுக்கணும். பொண்ணு சொன்னது தப்பு, ஆனா அது அவ தப்பு இல்ல, என் தப்பு. இந்தப் படமெல்லாம் ஒட்டினது நான். வாசல் வெச்சது நான். அது படத்துக்கு மட்டும்தான், பூமிக்கு இல்லன்னு இவங்களுக்கு நான் சொல்லவே இல்ல. சொல்லணும்னு எனக்குத் தோணல. எனக்குத் தெரிஞ்ச மாதிரியே இவங்களுக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். வேணும்னா என்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி எங்க பள்ளிக்கூடத்துக்கு எழுதுங்க. இவ படிப்புல கை வெக்காதீங்க."

பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வளையல் அட்டையில் உரசியது, வெளியே சுற்றியது, தடுமாறியது, கீழே வந்து நேராக உள்ளே போனது.

"இருக்கறதைத்தான் அந்தப் பொண்ணு படிச்சிருக்கா" என்றார் அம்மா.

தொண்டைக்காரர் செருமினார். "அது சரிங்கம்மா. ஆனா நாளைக்கு இவ வகுப்புல நிப்பா. அங்கேயும் தன் கைக்குப் பட்டதுதான் உண்மைன்னு சொன்னா பிள்ளைங்க கதி?"

கேள்வி நியாயமானது. எனக்கே அது தெரிந்தது.

"இனிமே சொல்ல மாட்டா ஐயா" என்றார் அக்கா.

"நீங்க சொல்லாதீங்க. அவ சொல்லட்டும். ஏம்மா, பூமிக்கு வாசல் இல்ல. யாரும் நடுவுக்குப் போனதும் இல்ல, பார்த்ததும் இல்ல. அப்புறம் உள்ள இத்தனை அடுக்கு இருக்குன்னு யாருக்கு எப்படித் தெரிஞ்சது?"

இந்தப் பாடம் எனக்குத் தெரியும். நிலநடுக்க அலைகளைப் பற்றிப் பரீட்சையில் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதும்போதெல்லாம் ஓர் எரிச்சல் இருக்கும். வாசல் ஒன்று இருக்கும்போது இந்த விஞ்ஞானிகள் ஏன் இப்படி மெனக்கெட வேண்டும்? உள்ளே சூடு தாங்காது போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வாசல் இல்லை என்றதும் அந்தப் பாடம் முழுவதும் எனக்கு வேறு மாதிரி விளங்கியது.

"தட்டிப் பார்த்துத்தான் சார்" என்றேன். "நிலநடுக்கம் வந்தா பூமியை யாரோ ஓங்கித் தட்டின மாதிரி. அந்த அதிர்வு உள்ள போகும். ஒவ்வொரு அடுக்கும் மாறுற இடத்துல அலையோட வேகம் மாறும், வழி வளையும், கொஞ்சம் திரும்பி வரும். உலகம் பூராவும் கருவி வெச்சு எது எப்ப வருதுன்னு கேட்டாங்க. அதுல ஒரு வகை அலை திரவத்துக்குள்ள போகாது. மறுபக்கத்துக்கு அது வந்து சேரவே இல்ல. அதனால நடுவுல ஒரு அடுக்கு திரவமா இருக்குன்னு தெரிஞ்சது."

"ம்" என்றார்.

"யாரும் பார்க்கல சார். எங்களை மாதிரி தட்டித் தடவித்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அதை என்னால சொல்லிக் கொடுக்க முடியும்."

அவர் இரண்டு முறை செருமினார். "சாயங்காலம் உங்க பள்ளிக்கூடத்துக்கு போன் பண்றோம்" என்றது அந்த அம்மாதான்.

விடுதிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்திலேயே மொத்தப் பள்ளிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பூகோளம் சார் அலுவலகத்தில் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் அவ்வப்போது கேட்டது. "எனக்குத் தோணலையே, எனக்கு எப்படித் தோணாம போச்சு" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

நூலக்கா போன் பக்கமே போகவில்லை. நேராக ஒட்டு அறைக்குப் போய்ப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். சின்னதுகள், பெரியதுகள், எல்லாரும் போனார்கள். பூமி, மரம், அணு, நகரம் என்று ஒவ்வோர் அட்டையாக எல்லார் கையிலும் கொடுத்து, எல்லார் விரலையும் அந்த இடைவெளியில் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இது பூமியில கிடையாது. இது மரத்துல கிடையாது. நான் வெட்டினது. இத்தனை நாளா சொல்லாம விட்டுட்டேன்."

அறையில் ஒரே கூச்சல். வண்டு எப்படிப் போகும் என்றது ஒன்று. எரிமலைக்கு என்ன செய்வது என்றது இன்னொன்று. கேள்விக்குறி இருந்தாளே, அவள் விடுவாளா?

"பூமியில வாசல் இல்லேன்னா நீங்க ஏன் வெட்டினீங்க?"

அதற்குள் நானும் வந்து ஒட்டு அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அக்காவின் குரல் உடைந்துதான் வந்தது.

"வேற எப்படிடி நீங்க உள்ள வர்றது? கண்ணு இருக்கறவங்க வெளியில நின்னே எல்லாத்தையும் பார்த்துக்கிறாங்க. உங்களை மட்டும் வெளியிலேயே நிறுத்தி வெக்கச் சொல்றியா? எனக்கு மனசு வரல."

அத்தனை வருஷத்தில் அந்தக் கைக்கு ஒருநாள் கூட நான் நன்றி சொன்னதில்லை. எனக்குக் கேட்கத் தெரியும், கத்தத் தெரியும், வாங்கிக்கொள்ளத் தெரியும். நன்றி என்ற சொல் அப்போதும் வாய்வரை வந்து நின்றது.

அப்போதுதான் பூகோளம் சார் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். தடக், சரக், தடக், சரக். "கிடைச்சுடுச்சு! எடுத்துக்கிட்டாங்க! திங்கட்கிழமையே வரச் சொல்றாங்க!"

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிக் கூரையைப் பிளந்தார்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள், யாரோ காலை மிதித்தார்கள். நூலக்கா மட்டும் அட்டைகளை எடுத்து அடுக்கினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அப்போ இந்த வாசலையெல்லாம் ஒட்டி மூடிடவா, இல்ல விடவா?"

"மூடாதீங்க!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். பக்கத்தில் ஒரு முடிச்சு வைத்துவிடலாம், முடிச்சு இருந்தால் அது விரலுக்கு மட்டும் என்று அர்த்தம் என்று அங்கேயே முடிவாயிற்று. இன்றைக்கும் அந்தப் பள்ளியில் அப்படித்தான். நூலக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி, படி ஏற முடிவதில்லை. மாதத்தில் ஒருநாள் நான்தான் போய்ப் பார்க்கிறேன். அவருக்குப் பிறகு வந்தவர்களும் முடிச்சு வைத்துத்தான் ஒட்டுகிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அக்காவின் கையைத் தேடிப் பிடித்தேன். அந்தக் காய்த்த விரலை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, நீங்க மட்டும் வெட்டலேன்னா நான் இன்னும் வெளியிலேயே சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்."

அக்கா விம்மிக்கொண்டே என் தலையைத் தடவினார். கை முழுக்கப் பசை, முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டே அதற்கும் திட்டினேன்.